பேஸ் பழகிய கை கிட்டாரை எடை போடுவது எப்படி?

பேஸ் (நான்கு தடித்த கம்பிகள் கொண்ட, கீழ்ச் சுருதிக் கிட்டார்) வாசிப்பவர் எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கப் போனால் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. எடுத்துப் பார்த்த கிட்டார் எல்லாமே ஒரே மாதிரி, விளையாட்டுச் சாமான் போல இருக்கிறது. அல்லது முதலில் எடுத்ததே கைக்கு நன்றாக உட்காருகிறது என்று வாங்கி வந்து, மூன்று மாதம் கழித்து ஏன் இதை வாங்கினோம் என்று தோன்றுகிறது.

இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். லாரி ஓட்டியே பழகியவர் பைக்கில் ஏறினால் முதல் பத்து நிமிடம் எந்த பைக்கும் லேசாகத்தான் தெரியும். எது நல்ல பைக் என்று அந்தக் கை அப்போது சொல்லாது. லாரி இல்லை என்பதை மட்டும்தான் சொல்லும்.

'கிட்டார்னா சின்ன பேஸ், கூட ரெண்டு கம்பி' என்ற பேச்சு அரட்டைக்குச் சரி. வாங்கும்போது அதை நம்பினால் தப்பான இடத்தில் கண் போகும். ஒரு கிட்டாரில் சில விஷயங்கள் வாங்கிய மறுநாளே மாற்றிக்கொள்ளக்கூடியவை: கம்பி, கம்பி நிற்கும் உயரம், கொஞ்சம் செலவு செய்தால் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்). மற்றவை மரத்தோடும் இரும்போடும் வந்தவை: கம்பியின் நீளம், நெக் என்ற கழுத்துப் பகுதியின் அகலம், அதன்மேல் உள்ள விரல் பலகையின் வளைவு, உடல் பக்கம் கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜின் வகை, எடை. பழகாத கை முதலில் உணர்வது மாற்றக்கூடியவற்றை. நாம் காசு கொடுப்பதோ மாற்ற முடியாதவற்றுக்கு. குழப்பம் முழுக்க இங்கேதான் பிறக்கிறது.

கொடிக் கயிறும் கம்பி நீளமும்

துணி காயப்போடும் கொடிக் கயிற்றைப் பாருங்கள். இரண்டு கம்பங்களும் தள்ளி இருந்தால், கயிறு தொய்யாமல் இருக்க அதிகமாக இழுத்துக் கட்ட வேண்டும். பக்கத்தில் இருந்தால் லேசாக இழுத்தாலே போதும். கிட்டாரில் ஒரு கம்பம் நட், இன்னொன்று பிரிட்ஜ். நட் என்பது நெக்கின் மேல் முனையில் கம்பிகள் உட்காரும் சின்னப் பள்ளங்கள் உள்ள பட்டை. நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை கம்பி அதிரும் நீளம்தான் ஸ்கேல் லெங்த்.

பெரும்பாலான பேஸ்களின் ஸ்கேல் 34 அங்குலம், அதாவது 864 மி.மீ. ஃபெண்டரின் ஸ்ட்ராடோகாஸ்டர், டெலிகாஸ்டர் வகைக் கிட்டார்களில் 25.5 அங்குலம். கிப்சனின் லெஸ் பால் வகையில் பெயரளவுக்கு 24.75 அங்குலம். மஸ்டாங், ஜாகுவார் போன்ற குட்டை ஸ்கேல் கிட்டார்களில் 24.

இந்த எண்களை விரலில் வைத்துப் பார்த்தால்தான் புரியும். ஃப்ரெட் என்பது விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை. 34 அங்குல பேஸில் நட்டிலிருந்து முதல் ஃப்ரெட் சுமார் 48.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. 25.5 அங்குலக் கிட்டாரில் அது 36.4 மி.மீ., 24.75-ல் 35.3. பேஸிலிருந்து வரும் விரலுக்கு 12 மி.மீ. குறைந்திருப்பது பெரிதாகத் தெரியும். இரண்டு கிட்டார்களுக்கு நடுவே உள்ள ஒரு மி.மீ. கண்டிப்பாகத் தெரியாது. அதனால்தான் எல்லாக் கிட்டாரும் ஒரே அளவு என்று தோன்றுகிறது.

ஆனால் அந்த முக்கால் அங்குலம் இழுவிசையில் வேலை செய்கிறது. ஒரே கம்பி, ஒரே சுருதி என்று வைத்துக்கொண்டால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தோடு ஏறும். 25.5-ஐ 24.75-ஆல் வகுத்து வர்க்கப்படுத்தினால் 1.06. அதாவது நீளமான கிட்டாரில் அதே கம்பி ஏறக்குறைய 6 சதவீதம் கூடுதலாக விறைத்து நிற்கும். பல சுரங்களைச் சேர்த்து கோர்டு பிடிக்கும்போது இது பெரிதாக உறைக்காது. கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளிச் சுருதியை ஏற்றும் பெண்ட் என்ற வேலையில்தான் உறைக்கும். பேஸில் அந்த வேலை அபூர்வம். ஆகவே கடையில் யாரும் அதைச் சோதித்துப் பார்ப்பதும் இல்லை.

தளதளவென்று இருக்கும் கம்பி

பேஸ்காரர்கள் கிட்டாரைத் தொட்டதும் சொல்லும் முதல் குறை, 'கம்பி தளதளன்னு இருக்கு.' உண்மைதான். ஆனால் அது அந்தக் கிட்டாரின் குறை இல்லை.

கம்பியின் தடிமனை அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வார்கள். இதற்குப் பெயர் கேஜ். பத்து நாற்பத்தாறு என்றால் மிக மெல்லிய கம்பி 0.010 அங்குலம், மிகத் தடித்தது 0.046. பேஸில் வழக்கமான செட் 45-லிருந்து 105 வரை. பேஸின் மிக மெல்லிய கம்பியும் கிட்டாரின் மிகத் தடித்த கம்பியும் கிட்டத்தட்ட ஒரே தடிமன் என்பதைக் கவனியுங்கள். இழுவிசையிலும் அதே கதைதான். பேஸில் ஒவ்வொரு கம்பியும் சுமார் 18 கிலோ அல்லது அதற்கு மேல் இழுத்து நிற்கிறது. 25.5 அங்குலக் கிட்டாரில் 10–46 செட் போட்டால் ஒரு கம்பிக்கு 7-லிருந்து 9 கிலோ வரைதான்.

இங்கே நடக்கும் தவறு இரண்டு வகை. முதலாவது, தளர்வாக இருப்பதால் நீளமான ஸ்கேல் கிட்டாரைத் தேடி ஓடுவது. அது தேவையில்லை. ஸ்கேல் மாறினால் 6 சதவீதம்தான் கூடுகிறது. மெல்லிய கம்பியை 9-லிருந்து 10-க்கு மாற்றினால் சுமார் 23 சதவீதம் கூடும், ஏனென்றால் சாதாரணக் கம்பியில் இழுவிசை தடிமனின் வர்க்கத்தோடு ஏறுகிறது. ஒரு கம்பி செட் மாற்றினால் தீர்கிற குறைக்காகக் கிட்டாரை மாற்ற வேண்டாம். பல கிட்டார்கள் கடைக்கு வரும்போதே 9–42 கம்பியோடு வருகின்றன. பக்கத்தில் 10–46 போட்ட இன்னொரு கிட்டார் இருந்தால், அது உறுதியான கிட்டார் போலத் தெரியும். ஒப்பிட்டது கிட்டாரை அல்ல, கம்பியைத்தான்.

இரண்டாவது, விறைப்பு வேண்டும் என்று எடுத்த எடுப்பில் 12 கேஜுக்குப் போவது. அதில் பெண்ட் செய்ய விரல் வலிக்கும். நட்டின் பள்ளங்கள் மெல்லிய கம்பிக்கு வெட்டப்பட்டவை என்பதால் தடித்த கம்பி அதில் சிக்கிக்கொண்டு, டியூன் செய்யும்போது 'டிக்' என்று சத்தம் போட்டுத் துள்ளும். பேஸிலிருந்து வருபவருக்கு 10–46 நல்ல தொடக்கம். 11-க்கு மேல் போவதானால் நட் பள்ளத்தையும் பார்க்கச் சொல்ல வேண்டும்.

சுருதி நிற்கவில்லை என்ற புகார்

தளர்ந்த கம்பியால் இன்னொரு விளைவும் உண்டு. வாங்கிய பிறகு வரும் புகார்களில் பாதி இதுவாகத்தான் இருக்கும் என்பது என் கணிப்பு.

சுருதி காட்டும் ட்யூனரை மாட்டிக்கொண்டு ஜி கம்பியில் மூன்றாம் ஃப்ரெட்டை லேசாக அழுத்தி மீட்டுங்கள். கம்பி ஃப்ரெட்டைத் தொட்டு, சத்தம் தெளிவாக வரும் அளவு அழுத்தம் போதும். ட்யூனர் முள் நடுவில் நிற்கும். இப்போது அதே இடத்தில் பேஸ் வாசிக்கும் பலத்தோடு அழுத்துங்கள். முள் வலப்பக்கம் நகரும். சுருதி ஏறிவிட்டது. ஃப்ரெட்டின் உலோகம் பலகைக்கு மேலே ஒரு மி.மீ. அல்லது அதற்கு மேல் உயர்ந்து நிற்கிறது. விரல் கம்பியை அந்த இடைவெளிக்குள் அமுக்கும்போது கம்பி இன்னும் இழுபடுகிறது. பேஸ் கம்பி இதற்கு அசைந்து கொடுக்காது, மெல்லிய கம்பி உடனே கொடுத்துவிடும்.

ஆகவே எல்லாக் கம்பியும் தனித்தனியாகச் சரியாக இருந்தும் கோர்டு மட்டும் கரகரவென்று கேட்டால், முதலில் பார்க்க வேண்டியது இடது கையின் பிடி. கிட்டாரைக் குறை சொல்வது அதற்கு அப்புறம். ஃப்ரெட் உயரம் அதிகமுள்ள, ஜம்போ என்று பெயர் போட்ட கிட்டார்களில் இது இன்னும் கூடுதலாகத் தெரியும். அழுத்திப் பிடிக்கும் பழக்கம் விடாதவர்கள் நடுத்தர உயர ஃப்ரெட் உள்ளதை எடுப்பது புத்திசாலித்தனம்.

கிட்டாரின் மேலேயே பிழை இருக்கவும் வாய்ப்பு உண்டு. நட் பள்ளங்கள் போதுமான ஆழம் இல்லையென்றால் முதல் மூன்று ஃப்ரெட்டுகளில் சுருதி ஏறியே கேட்கும். இதைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு கம்பியை மூன்றாம் ஃப்ரெட்டில் அழுத்திக்கொண்டு, முதல் ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் நடுவே பாருங்கள். முடி நுழையும் அளவு சந்து இருந்தால் சரி. தபால் அட்டை நுழையும் அளவு இருந்தால் நட்டை அரத்தால் இழைக்க வேண்டும். சின்ன வேலைதான், ஆனால் தெரிந்தவர் செய்ய வேண்டும். ஆழம் கூடிவிட்டால் நட்டையே மாற்ற வேண்டிவரும்.

அகலம், இடைவெளி, வளைவு

நட்டின் அகலத்தை மட்டும் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரியும். ஃபெண்டரின் பேஸ் மாடல்களில் ஜாஸ் பேஸின் நட் 38 மி.மீ., பிரிசிஷன் பேஸில் 41-லிருந்து 44 வரை. கிட்டாரில் வழக்கமாக 42 அல்லது 43. அகலத்தில் பெரிய வித்தியாசமே இல்லை! ஆனால் அதே அகலத்தில் நான்குக்குப் பதில் ஆறு கம்பிகள். ஜாஸ் பேஸில் நட்டருகே கம்பிக்குக் கம்பி சுமார் 10 மி.மீ. இருக்கிறது, கிட்டாரில் சுமார் 7. பிரிட்ஜ் பக்கம் வந்தால் பேஸில் வழக்கமாக 19 மி.மீ., கிட்டாரில் 10.5 சொச்சம். வலது கை இரண்டு விரலால் நடந்து பழகியவர்களுக்கு இந்தப் பத்தரையில் விரல் அடங்காது. கம்பியை மீட்டும் சின்னத் தகடான பிக் பிடித்துத்தான் சோதிக்க வேண்டும். விரலால் சோதித்துவிட்டு 'இடமே இல்லை' என்று ஒரு கிட்டாரை ஒதுக்கினால், மற்ற எல்லாக் கிட்டாரையும் அதே காரணத்துக்காக ஒதுக்க வேண்டிவரும்.

விரல் தடித்தவர்கள் 43 மி.மீ. நட் உள்ளதைத் தேடலாம். ஒரு மி.மீ. கூடினால் அது ஐந்து இடைவெளிகளில் பங்காகிவிடும் என்பதால் அற்புதம் எதிர்பார்க்க வேண்டாம்.

வளைவு என்று சொன்னது விரல் பலகையின் குறுக்கு வளைவை. பலகை தட்டையாக இருப்பதில்லை, ஒரு பெரிய வட்டத்தின் துண்டு போல நடுவில் மேடாக இருக்கும். அந்த வட்டத்தின் ஆரம்தான் ரேடியஸ். பழைய ஃபெண்டர்களில் 7.25 அங்குலம், இப்போதைய பல ஃபெண்டர்களில் 9.5, கிப்சனில் 12. எண் சிறிதானால் மேடு அதிகம்.

பேஸில் இந்த எண்ணை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. கிட்டாரில் அப்படி விட முடியாது. மேடான பலகையில் மெல்லிய கம்பியைத் தள்ளினால் அது மேட்டின் உச்சியை நோக்கி ஏறுகிறது. மேலே உள்ள ஃப்ரெட் ஒன்றில் இடித்து, ஒலி நடுவில் செத்துவிடும். கம்பியைக் கொஞ்சம் உயர்த்தினால் இது சரியாகும், ஆனால் உயரமான கம்பி விரலுக்குக் கூடுதல் வேலை. கோர்டு மட்டும் போதும் என்பவருக்கு 7.25 சுகமாகவே இருக்கும். சோலோ வாசிக்கும் ஆசை இருந்தால் 9.5-க்குக் கீழே போக வேண்டாம்.

இதுவரை வந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். தளர்வு என்பது கம்பி விஷயம், மாற்றலாம். சுருதி ஏறுவது பாதி கைப் பழக்கம், பாதி நட் வேலை. ஸ்கேல், நட் அகலம், ரேடியஸ் மூன்றும் வாங்கிய நாளில் வந்தபடியே இருக்கும்.

நாலு கம்பி தெரியும், மீதி இரண்டு?

கிட்டாரின் கீழ் நான்கு கம்பிகள் பேஸின் அதே ஈ, ஏ, டி, ஜி, ஒரு ஸ்தாயி மேலே. பேஸின் ஈ 41.2 ஹெர்ட்ஸ், கிட்டாரின் ஈ 82.4. இதுவரை மகிழ்ச்சி. ஜி-யிலிருந்து பி-க்குப் போகும்போதுதான் கணக்கு மாறுகிறது. மற்ற இடங்களில் ஐந்தாம் ஃப்ரெட்டை அழுத்தினால் அடுத்த கம்பியின் சுருதி கிடைக்கும். ஜி கம்பியில் மட்டும் நான்காம் ஃப்ரெட். அதனால் 'இரண்டு கம்பி தள்ளி, இரண்டு ஃப்ரெட் மேலே' என்ற பேஸ் ஸ்தாயிக் கணக்கு, டி-யிலிருந்து பி-க்கும் ஜி-யிலிருந்து மேல் ஈ-க்கும் போகும்போது மூன்று ஃப்ரெட் ஆகிவிடும். கடையில் மேல் இரண்டு கம்பிகளில் பழகிய வடிவம் தப்பாகக் கேட்டால் கிட்டார்மீது பழி போட வேண்டாம்.

பிக்கப்: உங்கள் பேஸிலேயே ஹம்பக்கர் இருக்கலாம்

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றிய ஒரு காயில். மேலே இரும்புக் கம்பி அதிர்ந்தால் காந்தப் புலம் அசையும், காயிலில் சின்ன மின்சாரம் பிறக்கும். அதே காயில் சுற்றியுள்ள மின் வயர், விளக்கு, டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றின் ரீங்காரத்தையும் பிடித்துக்கொள்ளும். ஒற்றைக் காயில் உள்ள பிக்கப்புக்கு சிங்கிள் காயில் என்று பெயர். இரண்டு காயில்களை எதிரெதிராகச் சுற்றி, காந்தத் திசையையும் மாற்றி வைத்தால், வெளியிலிருந்து வரும் ரீங்காரம் ஒன்றையொன்று அடித்துவிடும், கம்பியின் ஒலி மட்டும் கூடும். இதுதான் ஹம்பக்கர். கிப்சனில் சேத் லவர் 1955-ல் இதை உருவாக்கினார்.

பிரிசிஷன் பேஸில் 1957 முதல் வரும் இரண்டு துண்டு பிக்கப்பும் இதே தத்துவம்தான். ஈ, ஏ கம்பிகளுக்கு ஒரு காயில், டி, ஜி கம்பிகளுக்கு எதிர்த்திசையில் இன்னொன்று. ஆகவே பிரிசிஷன் பேஸ் வாசிப்பவர் பல வருடமாக ரீங்காரமே இல்லாத உலகில் வாழ்ந்தவர். அவர் ஸ்ட்ராடோகாஸ்டரை மாட்டியதும் 'ம்ம்ம்' என்று கேட்டால் கிட்டார் பழுது என்று நினைப்பது இயல்பு. பழுது இல்லை, சிங்கிள் காயில் அப்படித்தான். ஜாஸ் பேஸ்காரருக்கு இது ஏற்கெனவே தெரிந்திருக்கும்: இரண்டு வால்யூமும் முழுதாகத் திறந்திருந்தால் அமைதி, ஒன்றைக் குறைத்தால் ரீங்காரம். நடு பிக்கப்பை எதிராகச் சுற்றிய ஸ்ட்ராடோகாஸ்டர்களில், ஸ்விட்சின் இரண்டாம், நான்காம் நிலைகள் அதே காரணத்தால்தான் அமைதியாக இருக்கின்றன.

பழுதா இயல்பா என்று பார்க்க ஒரு வழி: கம்பியைக் கையால் தொடுங்கள். ரீங்காரம் குறைந்தால் எர்த் சரியாக இருக்கிறது. தொட்டதும் கூடினால் வயரிங்கில் பிழை, அந்தக் கிட்டாரைக் கீழே வைத்துவிடலாம்.

ஒலியில் என்ன வேறுபாடு? சிங்கிள் காயில் மேல் சுரங்களைக் கூர்மையாகத் தரும். ஹம்பக்கர் சத்தம் கூடுதல், நடுப்பகுதி தடித்து, மேல் முனை மழுங்கியிருக்கும். இந்தச் 'சத்தம் கூடுதல்' ஒரு பொறி. இரண்டு கிட்டார்களை ஒரே ஆம்ப் (ஒலிபெருக்கி) அமைப்பில் மாற்றி மாற்றி மாட்டினால் சத்தமாகக் கேட்பதே நல்ல கிட்டார் போலத் தோன்றும், காது அப்படித்தான் ஏமாறும். மாற்றும்போதெல்லாம் ஆம்ப் வால்யூமைச் சமன்படுத்துங்கள். மரம் எது என்ற வாக்குவாதத்துக்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் நல்லது.

இன்னொரு விஷயமும் உண்டு. 9 வோல்ட் பேட்டரி போட்ட ஆக்டிவ் பேஸில் வால்யூம் குறைத்தால் சத்தம் மட்டும் குறையும். பெரும்பாலான கிட்டார்கள் பேட்டரி இல்லாத பாசிவ் வகை. வால்யூமைக் குறைத்தால் மேல் முனையும் கொஞ்சம் மழுங்கும், ஆம்ப் கரகரப்பில் இருந்தால் அதுவும் தெளிந்துவிடும். கிட்டார்காரர்கள் இதை ஒரு கருவியாகவே பயன்படுத்துகிறார்கள். கடையில் வால்யூமை 10-லும் 6-லும் வைத்துக் கேட்காமல் ஒரு கிட்டாரின் ஒலி பற்றி முடிவுக்கு வர வேண்டாம்.

எந்த ஆம்ப்பில் கேட்பது?

வீட்டில் பேஸ் ஆம்ப் இருக்கிறது, அதிலேயே கேட்டால் போதாதா என்ற கேள்வி வரும். கிட்டாரை பேஸ் ஆம்ப்பில் மாட்டினால் எதுவும் கெடாது. ஆனால் ஒலியை வைத்து முடிவு செய்தால் அது தப்பு. கிட்டார் ஸ்பீக்கர் சுமார் 5,000 ஹெர்ட்ஸுக்கு மேல் செங்குத்தாகக் கைவிட்டுவிடும். கரகரப்புப் பெடல் உண்டாக்கும் மணல் அள்ளிப் போட்டது போன்ற சத்தத்தை அந்த ஸ்பீக்கரே வடிகட்டிவிடுகிறது. பல பேஸ் பெட்டிகளில் உச்ச ஒலிக்கென்று தனியாக ட்வீட்டர் இருக்கும், அது எல்லாவற்றையும் அப்படியே வெளியே விட்டுவிடும். அதில் கேட்டால் எந்தக் கிட்டாரும் தகர டப்பா மாதிரிதான். வேறு வழியே இல்லையென்றால் ட்வீட்டரை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.

தலைகீழாகச் செய்வதுதான் ஆபத்து. வாங்கிய கிட்டார் ஆம்ப்பில் பேஸை மாட்டிச் சத்தம் வைத்தால், கீழ்ச் சுருதிக்காக ஸ்பீக்கர் கூம்பு தன் எல்லையைத் தாண்டி முன்னும் பின்னும் ஓடி, கிழியவோ காயில் கருகவோ வாய்ப்பு உண்டு. மெல்லிய சத்தத்தில் பயிற்சிக்குப் பரவாயில்லை.

பிரிட்ஜ்: பேஸில் இல்லாத தலைவலி

பேஸ் பிரிட்ஜ் திருகி வைத்த இடத்தில் நிற்கும். கிட்டாரில் அப்படி நிற்கும் வகைக்கு ஹார்டுடெயில் என்று பெயர். இன்னொரு வகை ட்ரெமலோ, கம்பியோடு சேர்ந்து அசையும் பிரிட்ஜ். 1954-ல் வந்த ஸ்ட்ராடோகாஸ்டரின் ட்ரெமலோ ஒரு சீசா பலகை போல: ஒரு பக்கம் ஆறு கம்பிகள் இழுக்கின்றன, உடலின் பின்னால் உள்ள ஸ்பிரிங்குகள் மறுபக்கம் இழுக்கின்றன. இரண்டும் சமமாக இருக்கும்வரை சுருதி நிற்கும்.

பேஸ்காரருக்கு இதில் மூன்று இடிகள். கீழ் ஈ-யை டி-க்கு இறக்கினால் அந்தப் பக்கத்து இழுவை குறைந்து மற்ற ஐந்து கம்பிகளும் ஏறும். பிரிட்ஜ்மேல் உள்ளங்கையை அழுத்தி மியூட் செய்தால் சுருதி நகரும். ஒரு கம்பி அறுந்தால் எல்லாம் போச்சு. பிரிட்ஜ் மரத்தைத் தொடாமல் மிதக்கும் அமைப்பில்தான் இவ்வளவும். ஸ்பிரிங்கை இறுக்கி பிரிட்ஜை மரத்தோடு உட்கார வைத்துவிட்டால் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நட்டிலும் கம்பியைப் பூட்டும் டபுள் லாக்கிங் ட்ரெமலோ உள்ள கிட்டாரை முதல் கிட்டாராக வாங்குவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். கம்பி மாற்றுவதே பாதி மாலையைத் தின்றுவிடும்.

ஆக ரீங்காரம், சத்தம், ஆம்ப் மூன்றும் காதை ஏமாற்றும். பிரிட்ஜ் வகை மட்டும் வாங்கிய பிறகு மாறாது.

நடுவில் உள்ள கருவிகள்

பேஸுக்கும் கிட்டாருக்கும் நடுவில் பேரிட்டோன் கிட்டார் இருக்கிறது. ஸ்கேல் 27 அங்குலம் அல்லது அதற்கு மேல், டியூனிங் வழக்கமான கிட்டாரைவிடக் கீழே. 1961-ல் ஃபெண்டர் கொண்டுவந்த பேஸ் சிக்ஸ் 30 அங்குல ஸ்கேல், ஆறு கம்பி, கிட்டாரைவிட ஒரு ஸ்தாயி கீழே. பேஸ் பழகிய கைக்கு இவை சொந்த வீடு போலத் தோன்றும் என்பதால் பலர் இங்கே சாய்கிறார்கள். கோர்டும் ரிதமும் பழக வேண்டும் என்பது நோக்கமானால் வேண்டாம். கீழ்ச் சுருதியில் நெருக்கமான கோர்டுகள் சேறாகக் குழம்பும்.

கையில் எடுத்துச் சோதிக்கும் வரிசை

முதலில் கம்பி கேஜ் என்ன என்று கேளுங்கள். ஒப்பிடும் இரண்டிலும் ஒரே கேஜ் இல்லையென்றால், தளர்வையும் விறைப்பையும் கணக்கில் எடுக்காதீர்கள். பிறகு ட்யூன் செய்யுங்கள். செய்யாமல் ஒப்பிடுவதில் அர்த்தமில்லை.

அடுத்து நெக். கம்பி இழுப்பதால் நெக் சற்றே முன்னால் வளைந்து நிற்க வேண்டும், இதை ரிலீஃப் என்பார்கள். முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒரே கம்பியில் அழுத்திப் பிடித்து, ஏழு எட்டாம் ஃப்ரெட் பக்கம் பாருங்கள். கால் மி.மீ. அளவு சந்து போதும். ஒன்றுமே இல்லையென்றாலும் ஒரு மி.மீ. இருந்தாலும் நெக்கின் உள்ளே ஓடும் ட்ரஸ் ராட் என்ற இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்ய வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் கூடாது. கடைக்காரரையே திருகிக் காட்டச் சொல்லுங்கள். திருகு இறுகிப்போய் அசையவில்லை என்றால், என்ன விலை குறைத்தாலும் வேண்டாம்.

பிறகு கம்பியின் உயரம், அதாவது ஆக்‌ஷன். பேஸில் 17-ஆம் ஃப்ரெட்டருகே 2-லிருந்து 2.4 மி.மீ. வழக்கம், கிட்டாரில் 1.6 அளவு. உயரமாக இருந்தால் குறை இல்லை, இறக்கலாம். பிரிட்ஜில் ஏற்கெனவே அடிமட்டத்துக்கு இறக்கியும் உயரமாக இருந்தால்தான் கவலை. அப்போது நெக் உடலோடு சேரும் கோணத்திலேயே பிழை.

இப்போது பெண்ட். மேல் ஈ-யிலும் பி-யிலும் 12-லிருந்து 17 வரை ஒவ்வொரு ஃப்ரெட்டிலும் இரண்டு ஃப்ரெட் அளவு சுருதி ஏறும்வரை தள்ளுங்கள். ஒரு விரலால் முடியாது, மோதிர விரலுக்குப் பின்னால் மற்ற இரண்டையும் துணைக்கு வையுங்கள். ஒலி நடுவில் செத்தால் அந்த ஃப்ரெட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் செத்தால் ஆக்‌ஷன் தாழ்வு, சரிசெய்யலாம். ஒரே இடத்தில் மட்டும் செத்தால் ஏதோ ஒரு ஃப்ரெட் எழும்பி நிற்கிறது, அது ஃப்ரெட் வேலை. பேஸில் ஃப்ரெட் உரசும் சத்தம் ஒலியின் ஒரு பகுதி என்று பழகியவர்கள் இந்தக் குறையைக் கேட்டும் கேட்காமல் விட்டுவிடுவார்கள்.

தோள் பட்டையை மாட்டி நின்று பாருங்கள். பேஸின் நீளமான நெக் கீழே சாய்வது பழகிப்போயிருக்கும். கிட்டாரில் அதைப் பொறுக்க வேண்டிய அவசியம் இல்லை, சாயாதது நிறைய உண்டு.

கடைசியாக, முதலில் எடுத்துப் பார்த்த கிட்டாரை மறுபடி எடுங்கள். அரை மணி நேரம் பிக் பிடித்துப் பழகிய பிறகு, கை பேஸை மறந்திருக்கும். விளையாட்டுச் சாமான் மாதிரி இருக்கிறது என்று அப்போது ஒதுக்கிய கிட்டாரின் நெக் இப்போது வேறு மாதிரி சொல்லும்.